நிறத்தைப் பார்த்து ஃபெரைட் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கம்பக்கத்துக் கூரைகளில் சோலார் இன்வர்ட்டர் வந்தபின் 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) அலைவரிசையில் ஒரே இரைச்சல், ஆன்டெனாவுக்கு சோக் (கேபிளின் வெளிப்புறம் வழியே வரும் இரைச்சலைத் தடுக்கும் சுருள்) கட்ட ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) வளையம் டர்பனில் எங்கே கிடைக்கும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கே வாங்குவது என்பதற்கு முன்னால் எதை வாங்குவது என்று தெரிய வேண்டும். காசு வீணாவது அங்கேதான்.

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பிரித்தால் மஞ்சள் வளையம் ஒன்று வரும், ஒரு முகம் மட்டும் வெள்ளை. அது ஃபெரைட்டே அல்ல, இரும்புத்தூள். டி200-2 என்ற சிவப்பு வளையமும் அதே இனம்; ஆன்டெனா ட்யூனருக்கு அருமையான சரக்கு, சோக்குக்கு உதவாது. வேண்டியது ஃபெரைட்டில் 31 அல்லது 43 என்ற எண்ணுள்ள கலவை. 3.5, 7 மெகாஹெர்ட்ஸுக்கு 31தான் எங்கள் தேர்வு. இவையும், சோக்குக்கு அவ்வளவாக ஒத்துவராத 61ம் ஒரே கருஞ்சாம்பல் நிறம். கண்ணால் பிரிக்க முடியாது.

ஆனால் மீட்டர் பிரித்துவிடும். 61 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில் (எஃப்டி240 என்ற அளவு) சாதாரண வயரைப் பத்துச் சுற்று சுற்றி, சுருளின் இண்டக்டன்ஸை அளக்கும் எல்.சி. மீட்டரில் வையுங்கள். 200 மைக்ரோஹென்றியை ஒட்டி வந்தால் 31, நூறை ஒட்டி வந்தால் 43, 17 வந்தால் 61. ஒன்றேகால்தான் என்றால் யாரோ சிவப்பு வளையத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! இருபது சதவீதம் ஏறி இறங்குவது சகஜம். அதற்கும் கீழே போனால் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வயர் ஓட்டைக்குள் ஒரு தடவை போனாலே ஒரு சுற்று. இதை எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள்.

வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் ஆர்டர் போடும்போது 'பெரிய ஃபெரைட் ரிங்' என்று தேடாமல் தயாரிப்பாளரான ஃபேர்-ரைட்டின் பார்ட் நம்பரையே கொடுங்கள்: 31க்கு 2631803802, 43க்கு 5943003801. இங்கே தென்னாப்பிரிக்காவில் சுங்க மதிப்போடு அதில் 10 சதவீதம் கூட்டி, தீர்வை இருந்தால் அதையும் சேர்த்து, மொத்தத்தின்மேல் 15 சதவீதம் வாட் போடுவார்கள். ஒற்றை வளையத்துக்குக் கூரியர் செலவே வளையத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவதே லாபம். ஃபெரைட் பீங்கான் மாதிரி உடையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

ஆன்டெனாவுக்குப் போகும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 12 முதல் 14 சுற்று போடலாம். ஒன்றே கால் மீட்டர் போதும். தடித்த ஆர்ஜி-213 இந்த வளையத்தில் வளையாது. ஃபோம் உள்ள கேபிளை இறுக்கி வளைத்தால் நடுக்கம்பி நாளடைவில் ஓரத்துக்கு நகர்ந்து ஷார்ட்டாகும். இன்னும் நாலு சுற்று கூடுதலாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை, சுற்றுகளுக்கிடையே கெப்பாசிட்டன்ஸ் ஏறி 14 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே சோக் தூங்கிவிடும். நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிள்களைச் சோதிக்கும் கையடக்க மீட்டர்) இருந்தால் சோக்கில் சுற்றிய கேபிளின் வெளிப் பின்னலை மட்டும் இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் இணைத்து எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து மற்றதற்கு எவ்வளவு சிக்னல் போகிறது என்ற அளவு) பாருங்கள். மைனஸ் 30 டெசிபெல் என்றால் சோக்கின் தடை ஏறத்தாழ 3000 ஓம். மைனஸ் 20 என்றால் 900தான், அது போதாது.

சோலார் வயரிலேயே கிளிப் ஃபெரைட் மாட்ட நினைப்பவர்கள் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே ஓட்டைக்குள் சேர்த்தே விட வேண்டும். ஒன்றை மட்டும் விட்டால் நேர்மின்னோட்டம் ஃபெரைட்டைக் காந்தத்தால் நிறைத்துவிடும். மாட்டியும் மாட்டாத கதைதான். பகலில் அந்த வயரில் பல நூறு வோல்ட் இருக்கும். அந்த வேலையைப் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹாம் வாசகர்கள் இருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்