மொட்டை மாடியிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை மாதிரி பெரிய நகரம் பசுமை மின்சாரத்துக்கு மாறுவது எப்படி என்று சென்ற வாரம் வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே இரண்டு தடவை படித்தேன். காரைக்குடியில் இருபத்திரண்டு வருஷமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். காற்றாலை, சோலார் பூங்கா, மின்சாரப் பேருந்து எல்லாம் கட்டுரையில் இருந்தது, நல்லதுதான். ஆனால் வீட்டுக் கூரையும் ஃபேனும் ஏசியும் கடைசியில் இரண்டு வரியோடு முடிந்துவிட்டன. முதலில் வந்திருக்க வேண்டியதே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

போன சித்திரையில் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு மாடி அடுக்ககம், அவர்களுடையது மேல்தளம். கடையிலிருந்து மூன்று புது ஃபேன் கொண்டுபோயிருந்தேன், பகலில் வேலை செய்ய முடியாத வெயில், அதனால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏணி போட்டு ஏறினேன். கொக்கியில் இருந்து பழைய ஃபேனைக் கழற்றும்போது ஒரு கையை சீலிங்கில் ஊன்றினேன், சட்டென்று எடுத்துவிட்டேன். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சூடு, மணி பத்தரை. “தினமும் இப்படித்தான் அப்பச்சி, ஏசியை 18-ல வச்சாலும் ரெண்டு மணிக்கு மேலதான் ரூம் குளிருது” என்றாள் மகள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது, ஏசி அதோடு மல்லுக்கட்டுகிறது, பில் ஏறுகிறது. இந்த மின்சாரத்தை எந்தக் காற்றாலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால்தான் என்ன, பாதி வீண்தானே?

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ஐயா கட்டிய வீட்டில்தான் நான் வளர்ந்தேன். பெரிய மாளிகை இல்லை, நடுத்தர வீடுதான். இரண்டடி கனத்துக்குச் சுவர், சுண்ணாம்புக் காரை, தரையில் ஆத்தங்குடிக் கல், நடுவில் முற்றம், தலைவாசலில் நின்று பார்த்தால் கொல்லைவாசல் தெரியும், அந்த நேர்க்கோட்டில்தான் காற்று போகும். மே மாதம் மத்தியானம் பட்டாலையில், அதாவது முற்றத்தை ஒட்டிய கூடத்தில், பாய்கூட விரிக்காமல் படுப்போம். சென்னையில் எல்லாரும் முற்றம் வைத்துக் கட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை, அங்கே மனை விற்கிற விலைக்கு அது நடக்காது. ஆனால் கூரை சூடாகாமல் பார்த்துக்கொள்வதற்கு மனை வேண்டாமே. வெயிலைத் திருப்பி அனுப்புகிற மாதிரி மாடியில் வெள்ளை அடிக்கலாம், கூலிங் டைல்ஸ் போடலாம், இல்லை சோலார் தகடு போட்டால் அதுவே நிழல்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையோடு மாடிக்குப் போய் அளந்தேன். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, ஒரு உடைந்த நாற்காலி, மற்றபடி இரண்டாயிரம் சதுர அடிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஒரு கிலோவாட் சோலார் தகட்டுக்கு சுமார் 100 சதுர அடி போதும், நம் ஊர் வெயிலுக்கு நாளைக்கு 4 யூனிட் வரும். அப்படியென்றால் ஆயிரம் சதுர அடியில் 10 கிலோவாட், தினமும் 40 யூனிட். லிஃப்ட், தண்ணி மோட்டார், வராந்தா விளக்கு எல்லாம் ஓடுகிற பொது மீட்டருக்கு வீட்டு இணைப்பு மாதிரி 100 யூனிட் இலவசமும் கிடையாது, அதற்கே இது பெரிய உதவி. 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்பது பலருக்குத் தெரியும். அடுக்ககத்தின் பொதுப் பயன்பாட்டுக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு என்பதை என்னிடம் வருகிற ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். “மாடி எல்லாருக்கும் பொது, மேல் வீட்டுக்காரங்க சுகத்துக்கு நாங்க ஏன் காசு கொடுக்கணும்?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, கீழ்தளத்தில் இருப்பவருக்கு சீலிங் சுடாது. லிஃப்ட் கணக்கைச் சொன்ன பிறகும் “பார்க்கலாம்” என்று கலைந்துவிட்டார்கள். சரி என்று எங்கள் செலவிலேயே மகள் வீட்டுக்கு மேலே வருகிற பகுதிக்கு மட்டும் இரண்டு கோட்டு வெள்ளை அடித்துவிட்டு வந்தேன். இப்போது ஏசி 26-ல் ஓடுகிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய எரிசக்தி திறன் பணியகமே சொல்கிறது, எட்டு டிகிரிக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதை ஒவ்வொரு சங்கத்தின் மனசுக்கும் விட்டுவிட்டால் நடக்காது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது, அப்போதும் முணுமுணுத்தார்கள், அப்புறம் எல்லார் வீட்டிலும் குழாய் இறங்கியது. தெலங்கானாவில் 2023-லேயே குளிர்கூரைக்கென்று, அதாவது வெயிலில் அதிகம் சூடாகாத கூரைக்கென்று, தனிக் கொள்கை வந்துவிட்டது. இங்கேயும் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே அப்படிப்பட்ட கூரை வேண்டும் என்று கேட்க வேண்டியதுதானே?

ஃபேன் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும், மூன்றுக்கு 120. 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடுகிற நம் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் ஆயிரம் ரூபாய் கூட என்றதும் வாடிக்கையாளர் பழையதையே எடுக்கிறார். எல்இடி பல்பும் முதலில் இப்படித்தான் இருந்தது, 2015-ல் மத்திய அரசு மொத்தமாக வாங்கி விற்க ஆரம்பித்ததும் முந்நூறுக்கு மேல் விற்ற 9 வாட் பல்பு நூறுக்குக் கீழே வந்தது, என் கடையிலேயே பார்த்தேன். மாநகராட்சி தன் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஃபேனை மொத்தமாக வாங்கினாலே விலை இறங்கும்.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் 2016-லிருந்து ஓடுகிறது. சாயங்காலம் சூரியன் இறங்கினால் அதுவும் இறங்கிவிடும், சென்னையில் ஏசி போடுகிற நேரமோ அதற்கு அப்புறம்தான்.  ராத்திரித் தேவை குறையாதவரை எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரியும், அங்கே குடியிருப்பவர்கள்தான் சாம்பலைச் சுவாசிப்பார்கள். பகல் மின்சாரத்தைச் சேமித்து ராத்திரிக்குக் கொடுக்கப் பேட்டரி வரட்டும், எங்கள் ஊரில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் அந்த ஆராய்ச்சியும் நடக்கிறது. அதற்குள் கூரைக்கு வெள்ளையாவது அடிக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுக்ககங்களுக்கான அந்த 18,000 ரூபாய் மானியத்துக்கு யார் விண்ணப்பிக்க வேண்டும், சங்கத்தில் என்ன தீர்மானம் போட வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்பதை எளிய தமிழில் ஒரு கட்டம் கட்டி வெளியிடுங்கள். ஒரு பிரதியைக் கடையில் ஒட்டிவைக்கிறேன், இன்னொன்றை மாப்பிள்ளைக்கு அனுப்புகிறேன், அடுத்த கூட்டத்தில் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரர்,
காரைக்குடி