கிரவுன் பினியன் மாற்ற ஏன் மூன்று நாள்?

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

“கிரவுன் பினியன் மாத்த மூணு நாளா? வேற இடத்துல அரை நாள்ல முடிச்சுத் தர்றாங்களே!” இந்த மாதம் மட்டும் நாலு பிக்கப்காரர்கள் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே விடுகிறேன்.

கிரவுன் பினியன் என்பது ஆக்ஸிலின் நடுவே இருந்து சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி, பெரியது கிரவுன், சின்னது பினியன். முதலில், வேறு பல் கணக்குள்ள ஜோடிக்கு மாற்றத்தான் வேண்டுமா? கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் ரேஷியோ, அதாவது ஒன்றை மற்றொன்றால் வகுத்தது, 3.73. பினியனில் 10 பல் என்றால் 4.10. எண் பெரிதானால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 10 சதவீதம். உரமூட்டையோடு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறுகிறவருக்கு அது காலிலேயே தெரியும், கிளட்ச் பிளேட்டும் கொஞ்ச நாள் கூடப் பிழைக்கும். ஆனால் அதே வண்டி நாலுவழிச் சாலையில் 80-ல் போகும்போது, 235/75 ஆர்15 டயரில், நேர் கியரில் (கியர் பாக்ஸ் வேகத்தை மாற்றாத கியர்) நிமிடத்துக்கு 2,160 சுற்றில் ஓடிய இன்ஜின் இனி 2,370-ல் ஓட வேண்டும். டீசல் அங்கேதான் போகும். பாதி நாள் ஹைவேயிலேயே கழிக்கிறவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன்.

பெரிய டயர் போட்டபின் இழுக்கவில்லை என்று வருகிறவர்கள் கதை வேறு. அந்த 235/75-ஐக் கழற்றி 31 இன்ச் டயர் மாட்டினால் விட்டம் 7 சதவீதம் கூடி, 4.10 வண்டி 3.82 போல நடந்துகொள்ளும். பழைய டயரையே மாட்டுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். யார் கேட்கிறார்கள்?

இன்னொன்று, இழுவை கூடியதால் லோடும் கூட ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஸ்பிரிங் பட்டை, பிரேக், ஆக்ஸில் எல்லாம் பழையதுதானே. செமி புளோட்டிங் ஆக்ஸில் உள்ள வண்டிகளில் ஆக்ஸில் தண்டேதான் பாரத்தையும் தாங்குகிறது, அது முறிந்தால் சக்கரமும் கூடவே கழன்று போகலாம்.

சரி, மூன்று நாள் எதற்கு? கழற்றி மாட்டுவது அரை நாள் வேலைதான், மறுக்கவில்லை. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையம் வைத்துப் பிடிக்க வேண்டும். பேரிங் இறுக்கம் பார்க்க வேண்டும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை, பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டருக்குள், டயல் கேஜில் அளந்து கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தால் எந்த இடத்தில் கடிக்கிறது என்று தெரியும். நுனியிலோ அடியிலோ கடித்தால் எல்லாவற்றையும் கழற்றி, பேரிங்கை இழுத்து, ஷிம்மை மாற்றி மறுபடியும் முதலிலிருந்து. ஒரே தடவையில் அமைந்த வண்டி எனக்கு ரொம்ப அபூர்வம்.

ஒருமுறை நாங்களே அவசரப்பட்டு, பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி இறுக்கத்தைப் பிடிக்கும் புஷ்ஷில் பழையதையே திரும்பப் போட்டுவிட்டோம். 600 கிலோமீட்டரில் ஊளைச் சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தது, செலவு எங்கள் தலையில். அன்றிலிருந்து புஷ், சீல், பேரிங் எல்லாம் புதுசுதான். உடைப்பு வண்டியிலிருந்து கிரவுன் ஒன்று, பினியன் வேறொன்று என்று கொண்டுவந்தால் தொடமாட்டோம். இரண்டும் தயாரிக்கும் இடத்திலேயே ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாக வருபவை.

ஃபோர் வீல் வண்டி என்றால் முன்பக்கமும் அதே ரேஷியோவுக்கு மாற வேண்டும், செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. பின்பக்கம் மட்டும் போதும் என்று கெஞ்சாதீர்கள். ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, இரண்டு பக்கத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

வண்டியை எடுத்தபின் முதல் நாள் 25 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஹவுசிங் (கிரவுன் பினியன் இருக்கும் கூடு) நன்றாக ஆறட்டும். 800 கிலோமீட்டர் வரை லோடும் விரட்டலும் வேண்டாம். அது முடிந்ததும் கிரவுன் ஆயிலை மாற்ற வண்டியைக் கொண்டுவாருங்கள், ஆயிலுக்கு மட்டும் காசு, கூலி கிடையாது. வராதவர்களுக்கு வாரண்டியும் கிடையாது.