அடையாள அட்டையில் பெயர்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வருட அடையாள அட்டையில் நடந்த குளறுபடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தவறு எங்களுடையதுதான். படிவத்தில் 'பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் போட்டிருந்தோம். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அப்பா பெயரை எழுதினார்கள். அட்டையில் அதுவே பெரிய எழுத்தில் வந்துவிட்டது.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நானே இரண்டு வாரம் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத மொழிப் பெயர், வித்தியாசம் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தயங்கிவிட்டு "உள்ளேன் ஐயா" என்பாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பாவைத்தான் கூப்பிடுறீங்கன்னு தெரியும் ஐயா. ஆனா என்னைப் பார்த்துத்தானே கூப்பிட்டீங்க" என்றாள்.

அன்று இரவு ஐ.நா. பொதுச் செயலாளர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் எங்கள் படிவத்தில் நிரப்பிப் பார்த்தேன் (தலைமையாசிரியருக்கும் வேறு வேலை இல்லாத இரவு உண்டு). 1961 முதல் 1971 வரை இருந்த ஊ தாண்ட், பர்மாக்காரர். 'ஊ' என்பது மரியாதைச் சொல். அவர் பெயர் தாண்ட் மட்டும்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஒரு கட்டம் காலி. பான் கீ மூன் கொரியர். அங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும், அதனால் 'பான்' என்பது குடும்பப் பெயர். எங்கள் படிவம் அவரைத் தலைகீழாக்கியிருக்கும்.

கோஃபி அன்னான்தான் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தார். கானாவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைக்கிறார்கள். 'கோஃபி' என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். அவர் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவர் முழுப்பெயரில் 'அட்டா' என்று ஒரு சொல் வரும், இரட்டையர் என்று பொருள். கூடப் பிறந்த சகோதரி ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டாலே பிறந்த கதையில் பாதி தெரிந்துவிடுகிறது.

பாலித் தீவில் பிறந்த வரிசைதான் பெயர்: வயான், மடே, ஞோமான், கெதுத். ஐந்தாவது பிள்ளை பிறந்தால் மறுபடி வயான். ஐஸ்லாந்தில் அப்பா பெயர் ஜோன் என்றால் மகன் ஜோன்சன், மகள் ஜோன்ஸ்தோத்திர். ஒரே வீட்டு அண்ணன் தங்கைக்கு இரண்டு கடைசிப் பெயர்கள். ஜப்பானில் ஒரே உச்சரிப்புள்ள பெயரை வேறு வேறு எழுத்துகளில் எழுதலாம், எழுத்து மாறினால் பொருளும் மாறும்.

மங்கோலியாவில் 'நெர்குய்' என்றொரு பெயர் உண்டு. 'பெயரில்லாதவர்' என்று அர்த்தம். கெட்ட ஆவி குழந்தையைத் தேடி வந்தாலும் ஏமாந்து போகட்டும் என்று வைப்பது. நம் தமிழில் குப்பன், பிச்சை என்று வைத்ததும் இதே பயத்தில்தான். கேட்பவர் சிரிக்கும் பெயருக்குப் பின்னால், முந்தைய பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருந்திருக்கலாம். வகுப்பில் யார் பெயரையாவது கேலி செய்யும் பிள்ளைகளிடம் இதை நான் சொல்வேன். வீட்டில் நீங்களும் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துடன் ஒரு சீட்டு இணைத்திருக்கிறோம். மூன்றே கேள்விகள்: பிள்ளையை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும், அதை எப்படி உச்சரிக்க வேண்டும், அந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கட்டாயமில்லை. சொல்ல விருப்பமிருந்தால் முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள், அப்புறம் எங்களுக்கு எழுதலாம். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். புது அட்டைக்குப் பணம் எதுவும் இல்லை.

அந்த மாணவியின் அட்டையை மட்டும் முதலிலேயே திருத்தி வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். இந்த முறை தயக்கமே இல்லை. "ரெண்டாவது எழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டணும் ஐயா" என்றாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்