ஆராய்ச்சிப் பணம் பட்டறை வரை வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடப் பல வருடங்களாக எட்டவில்லை. இந்தச் சிறு தொகையிலும் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களிலும் அரச ஆய்வுகூடங்களிலுமே நின்றுவிடுகிறது. அவற்றுக்கும் பணம் வேண்டும்தான். ஆனால் கொழும்பின் கிராண்ட்பாஸ், பஞ்சிகாவத்தைப் பட்டறைகளுக்கு என்ன வழி?

தேயிலை உருட்டும் மெஷினின் தேய்ந்துபோன புஷ் ஒன்றை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையத்தை, லேத்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள். அளவெடுத்து, அப்படியே அச்சு அசலாகக் கடைந்து தருவார். அந்த உலோகத்தில் செம்பு எத்தனை பங்கு, வெள்ளீயம் எத்தனை பங்கு என்று அறிய ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும். கட்டணத்தைக் கேட்டதும் பலர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கண்மதிப்பில்தான் வார்ப்பு. சில மாதங்களில் புஷ் மறுபடி தேய்ந்துவிட, தோட்டத்துக்காரர் இறக்குமதிப் பொருளுக்கே போய்விடுகிறார். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம். கைத்திறன் இங்கேயே இருக்கிறது.

1955இல் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் கொழும்பில்தான் உள்ளது. 2008இல் உருவான நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. அயர்லாந்தில் சிறு நிறுவனங்களுக்கு அரசு வவுச்சர் கொடுக்கிறது. அதைக் கொண்டு ஆய்வாளர்களின் உதவியைப் பெறலாம். நம் பட்டறைகளும் இத்தகைய நிறுவனங்களின் உதவியைப் பெற, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இங்கும் அப்படி ஒரு வவுச்சர் திட்டத்தைத் தொடங்க வேண்டும். விண்ணப்பம் ஒரே பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 14