ஜப்பான் நாகானோவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி எழுதிய கடிதம் கிடைத்தது. தம்பிக்குப் பரிசம் போட்ட அன்று அவன் பெரியப்பா காலில் விழ மாட்டேன் என்று நின்றதும், நீங்கள் அவனோடு பேசாமல் இருப்பதும்தான் முக்கால்வாசிக் கடிதம். பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை!

நான் நல்ல சுகம். நாகானோவும் மலைநாடுதான், ஆனால் நம் மார்கழிக் குளிர் இதன் பக்கத்தில் நிற்காது. கொடியில் போட்ட துணி விறைத்துப் பலகையாகிவிடுகிறது. அறையில் ஹீட்டர் இருக்கிறது. போர்வையே போதும் என்று நான் போடுவதில்லை. தேங்காய் காய்ந்த தூளாகத்தான் கிடைக்கிறது. அதில் ரொட்டி தட்டினேன், கல்லிலேயே உதிர்ந்துவிட்டது. கட்டசம்பலை மட்டும் தொட்டுக்கொண்டு வெறும் சோறு தின்றேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குப்பை போடப் போனால் எனக்குக் குனிந்து வணக்கம் வைப்பார். நான் குனிந்தால் அவர் இன்னும் தாழக் குனிவார். யார் முதலில் நிமிர்வது என்றே தெரியாது. போனில் பேசும்போதும் குனிகிறார், அந்தப் பக்கம் இருப்பவருக்கு! முதியோர் இல்லத்து வேலைக்கு வந்த எங்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தினார்கள்: வழியில் கண்டால் 15 பாகை, விருந்தாளிக்கு 30, மன்னிப்புக் கேட்க 45.

செப்டம்பர் மூன்றாம் திங்கள் இங்கே முதியோரை மதிக்கும் நாள், நாடு முழுக்க விடுமுறை. அந்த வருடம் நூறு வயதாகிறவர்களுக்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் கொடுக்கிறது, 1963இலிருந்து. நூறைத் தொடுகிறவர்கள் கூடிக்கொண்டே போக, 2016இலிருந்து முலாம் பூசியதுதான். எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருத்திக்கும் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். அவள் அதில் பல்செட்டைப் போட்டு வைத்துவிட்டாள்.

இன்னொரு பாட்டிக்குப் பெற்ற மகளையே தெரியாது. ஆனால் சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைத்தால் இரண்டு கையும் தானாகச் சேரும், தலை தாழும். அதைப் பார்க்கிற போதெல்லாம் அப்பாயிதான். புதுத் தேயிலை மலையில் கை வைக்குமுன் "பொலி, பொலி" என்று முதல் கொழுந்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுமே, அதே முகம். அந்த இஸ்தோப்புத் திண்ணையில் அப்பாயி பக்கத்தில் ஒரு பொழுது உட்கார்ந்தால் போதும் போல இருக்கிறது, அம்மா. லீவு இப்போதைக்குக் கிடையாது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துத் துரையின் ஜீப் வந்தால் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டோரக் கானில் இறங்கி நிற்பாரே, அதையும் மரியாதை என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பேர் வெட்டிச் சம்பளம் இல்லாமல் ஆக்கிவிடுவார்கள் என்ற பயம் அது. துரை ஒருநாளாவது திரும்பிக் கும்பிட்டாரா? பெரியப்பாவும் அப்படித்தான். மரக்கறித் தோட்டத்து வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, சபையில் மட்டும் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். அப்பாயி காலில் தம்பி விழுந்தான் என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள், யாரும் சொல்லாமலே. எனக்கு அது போதும். அவனோடு பேசுங்கள்.

அப்புறம், பணம் இந்த மாதம் கொஞ்சம் பிந்தும். யென் இறங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. கூரைத் தகரம் வாங்க அவசரப்பட வேண்டாம், ஒழுகும் இடத்துக்கு மட்டும் தார் பூசச் சொல்லுங்கள். அப்பாவின் சேமலாப நிதிப் பாரத்தில் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் எடுக்க வேண்டும். அதற்குத் தம்பியை அனுப்புங்கள், அப்பா போனால் வாசலிலேயே நின்றுவிட்டு வருவார். அட்டனுக்குப் போகும்போது பாரத்தையும் அட்டையையும் போட்டோகொப்பி அடித்து எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பெண்ணின் படத்தையும்.

உங்கள் மகள்