ஐடி முடக்கமும் பணிநீக்கம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயலி வழியாக வேலை செய்பவர்களின் வருமானம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூலியைப் பற்றி அதில் சொல்லியிருப்பதெல்லாம் சரி. ஆனால் கூலியை விட எங்களை அதிகம் பயமுறுத்துவது ஐடி முடக்கம், அதாவது செயலியில் எங்கள் கணக்கை நிறுவனம் நிறுத்திவிடுவது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்று வருடமாக டெலிவரி வேலை பார்க்கிறேன். போன வருடம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். முன்பே பதிவு செய்திருந்த ஷிப்டுகளுக்கு லாகின் செய்ய முடியவில்லை. ஐந்தாம் நாள் செயலியைத் திறந்தால் கணக்கு நிறுத்தப்பட்டுவிட்டதாக ஒரு வரி. காரணம் இல்லை. உதவி சாட்டில் எதைக் கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. டாக்டர் சீட்டை அனுப்பக்கூட வழியில்லை. 11 நாள் கழித்து ஐடி தானாகத் திரும்ப வந்தது. யார் நிறுத்தினார்கள், யார் திறந்தார்கள், இன்று வரை தெரியாது.

மேலாளர் ஒருவர் "நாளையிலிருந்து வராதே" என்று சொன்னால் அது பணிநீக்கம். அதை எதிர்த்து வழக்குப் போடலாம். அதையே செயலி செய்தால், நாங்கள் தொழிலாளிகள் அல்ல, 'பார்ட்னர்'கள் என்கிறார்கள். அப்புறம் எந்தக் கதவைத் தட்டுவது?

வெளிநாடுகளில் சிலர் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் 2020 டிசம்பர் கடைசியில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்துக்கு எதிராக ஒரு தீர்ப்புத் தந்தது. பதிவு செய்த ஷிப்டுக்கு ஒருவர் வராவிட்டால், உடம்பு சரியில்லாததாலா, வேலைநிறுத்தத்தாலா, வேறு எதனாலா என்று அந்த நிறுவனத்தின் மென்பொருள் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி மதிப்பெண்ணைக் குறைத்தது. அது பாகுபாடு என்றது நீதிமன்றம். அந்தச் செய்தியைப் படித்தபோது என் கதையையே படித்தது போல இருந்தது.

2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் சிலருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர்களுடைய கணக்கை மூடியதில் மனிதர் தலையீடு பெயரளவுக்குத்தான் இருந்தது என்று அது கண்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஓட்டுநர்களுக்குக் கைகொடுத்தது தொழிலாளர் சட்டம் அல்ல, 2018 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் தகவல் பாதுகாப்புச் சட்டம். வேலையைப் பறிகொடுத்தவர் தன் தகவலைக் கேட்டு வழக்காட வேண்டியிருக்கிறது என்றால், தொழிலாளர் சட்டம் எவ்வளவு பின்தங்கி நிற்கிறது!

2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஓட்டையை அடைக்க ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. கணக்கை நிறுத்தும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். காரணத்தை, முடிவு நடைமுறைக்கு வரும் நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். மறுபரிசீலனை கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 2-க்குள் இதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும். இந்தியாவின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் எங்களைப் போன்றவர்களை 'கிக் தொழிலாளி' என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது, நல்ல விஷயம்தான். ஆனால் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே அது எங்களுக்கு வரையறை தருகிறது. பணிநீக்கப் பாதுகாப்பு இருப்பதோ அந்த உறவுக்குள்.

மோசடி, வாடிக்கையாளர் பாதுகாப்பு என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கடுமையான புகார் வந்தால் உடனே நிறுத்தி வைக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரணைக்காக நிறுத்தப்பட்ட ஆலைத் தொழிலாளிக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாகத் தரும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. விசாரணை முடியும் வரை அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகத்தானே அது? அதே கணக்கு எங்களுக்கும் பொருந்தும். முந்தைய மூன்று மாத வருமானத்தின் சராசரியை எடுத்து அதில் பாதியைக் கொடுக்கலாம். எங்கள் ஒவ்வொரு ஆர்டரும் அவர்களிடம் பதிவாகியிருக்கிறது, கணக்குப் போட ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று. எழுத்தில் தரும் காரணம் தொழிலாளிக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும், கீழே ஓர் அதிகாரியின் பெயரும் இருக்க வேண்டும். எனக்கு வந்த அந்த ஒரு வரியில் இரண்டுமே இல்லை.

இப்படிக்கு,
டெலிவரி வேலை செய்யும் ஒரு வாசகர்