அச்சுத்தாளில் அடங்காத கவிதைக்கும் போட்டியில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினியின் துணையோடு உருவாகும் கவிதையை இலக்கியமாகக் கொள்ளலாகாது என்று வாதிட்டுத் தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அக்கட்டுரையாளரின் கவலை எனக்குப் புரிகிறது. தலைப்பைக் கொடுத்த நொடியில் நாற்பது வரி எழுதித் தரும் செயலிகள் கைப்பேசிக்குள் வந்துவிட்ட நிலையில், அவற்றின் வரிகளைத் தம் பெயரில் அனுப்புவோரை எப்படிக் கண்டறிவது என்று கவிதைப் போட்டி நடத்துவோர் திகைப்பது நியாயமே. ஆனால் அந்தத் திகைப்பில், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்திருக்கும் வேறொரு படைப்பு வகையையும் சேர்த்துத் தள்ளிவிடுவது முறையன்று. சொற்பட்டியலையும் அச்சொற்கள் கூடும் விதியையும் கவிஞரே எழுதி, எந்தச் சேர்க்கை எப்போது தோன்றும் என்பதை மட்டும் கணினியிடமோ வாசகரின் விரலிடமோ ஒப்படைக்கும் படைப்பைத்தான் சொல்கிறேன். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கவிஞரே பொறுப்பு.

இவ்வகையின் வரலாறு செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு தொடங்கியதன்று. 1952இல் ஆங்கிலேயக் கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியைக் கொண்டு காதல் கடிதங்களை உருவாக்கினார். 1959இல் ஜெர்மனியில் தியோ லுட்ஸ், எழுத்தாளர் காஃப்காவின் நாவல் ஒன்றிலிருந்து சொற்களை எடுத்து, இசட் 22 என்னும் கணினியில் வாக்கியங்களைப் பிறப்பித்தார். புதுச்சேரியில் இருக்கும் நமக்குப் பிரெஞ்சுக் கவிஞர் ரெமோன் கெனோ அயலார் அல்லர். அவர் 1961இல் கணினியே இல்லாமல் இதைத் தாளில் செய்து காட்டினார். பதினான்கு அடிகள் கொண்ட பத்துக் கவிதைகளை எழுதி, ஒவ்வோர் அடியையும் தனித்தனிக் கீற்றாக வெட்டி, எதனோடும் எதையும் சேர்த்துப் படிக்கும்படி நூலாக்கினார். அதிலிருந்து பெறக்கூடிய கவிதைகளின் எண்ணிக்கை கோடியைக் கோடியால் பெருக்கினால் வருவது. அத்தனையையும் அவர் எழுதவில்லை. ஆயினும் அவருடைய 140 அடிகளுக்கு வெளியே ஒரு சொல்லும் அந்நூலில் பிறக்க முடியாது.

இது தமிழுக்கு ஒத்துவருமா என்று கேட்போர், இதற்கான கருவிகள் நம் யாப்பிலேயே இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கடி இன்னிசை வெண்பா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் பத்து மாற்றடிகள் எழுதுவதாகக் கொள்வோம். எல்லா அடிகளும் நேரசையில் தொடங்கி, முதல் மூன்று அடிகளும் நேரசையில் இறும் மூவசைச் சீரான காய்ச்சீரில் முடிந்தால், காய் முன் நேர் வர வேண்டும் என்ற வெண்டளை, அதாவது வெண்பாவில் சீரோடு சீர் இணையும் விதி, எந்த அடியை எதனோடு சேர்த்தாலும் பிழைபடாது. முதற்சீரின் இரண்டாம் எழுத்து நாற்பது அடிகளிலும் ஒன்றாக நின்றால் எதுகையும் தவறாது. ஈற்றடிகள் பத்தும் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றைக் கொண்டு முடிய வேண்டும். இப்படி அமைத்தால் பத்தாயிரம் வெண்பாக்கள் கிடைக்கும். தளை சரியாவது எளிய பகுதி. அத்தனை சேர்க்கையிலும் பொருள் முறியாமல் நிற்பதுதான் கவிஞரின் வேலை. நாற்பதே அடிகளுக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். எண்களை ஏற்றியும் இறக்கியும் பாடும் எழுகூற்றிருக்கையும், பாம்பு வடிவக் கட்டங்களில் எழுத்துகள் அடையும் நாகபந்தமும், முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும்படி சீகாழிமீது சம்பந்தர் பாடிய மாலைமாற்றும் இருக்கும் மொழியில் இது புதிதா என்று சிலர் கேட்பார்கள். அத்தகைய சித்திரகவியும் இதுவும் ஒன்று என நான் கூற மாட்டேன். அங்கே விதி எவ்வளவு கடுமையானதாயினும் பாடல் ஒன்றே, இங்கே விதிதான் பாடல். ஆனால் விதிக்குள் நின்று எழுதுவது கவித்துவத்துக்குப் பகை என்று தமிழர் கருதியதில்லை.

இவற்றை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியையும் கூற வேண்டும். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலைப் பற்றி ஒரு தொடுதிரைக் கவிதை படைத்திருந்தார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பும் பலா மரங்களும் பன்னிரண்டு வரிகளில் திரையில் நிற்கின்றன. எந்தச் சொல்லைத் தொடுகிறோமோ அது விழுந்துவிடுகிறது. அந்த இடத்தில், தம் பாட்டியின் பேச்சிலிருந்து அவர் தொகுத்த பட்டியலிலுள்ள சொல் ஒன்று வந்து அமர்கிறது. விழுந்த சொல் திரும்புவதில்லை. இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஓர் இலக்கண நுட்பம். காற்று 'மரத்தை' என்ன செய்தது என்னும் வரியில் முறித்தது, சாய்த்தது, பிடுங்கியது என வினைகள் மாறி மாறி வருகின்றன. மரத்தை முறித்தது என்பதில் ஒற்று இல்லை. மரத்தைச் சாய்த்தது, மரத்தைப் பிடுங்கியது என்பவற்றில் உண்டு. அடுத்து வரும் சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து உரிய ஒற்றை இடும்படி அவரே கணினி நிரல் எழுதியிருந்தார். புணர்ச்சி விதியை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்களையே பெரிதும் கண்ட எனக்கு, அதைத் தேவைக்காகக் கற்ற ஒருவரைக் கண்டது மகிழ்ச்சியளித்தது.

அவர் அதை ஓர் இலக்கிய அமைப்பின் போட்டிக்கு அனுப்பினார். அச்சிட்ட இரண்டு படிகள் வேண்டும் என்ற விதியைக் காட்டி அது திருப்பி அனுப்பப்பட்டது. அச்சிட்டால் பன்னிரண்டு வரிகள் மிஞ்சும், புயல் மிஞ்சாது.

இத்தகைய படைப்புகள் எளிதில் அழிபவை என்பதும் கவலைக்குரியது. இணையப் பக்கங்களில் அசைவுகளை இயக்கிய ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டபோது, உலகெங்கும் அதில் உருவாக்கப்பட்டிருந்த மின்கவிதைகள் பல உலாவியில் திறக்காமல் போயின. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்கள் உரிய எழுத்துரு இன்றி இன்று புரியாத குறிகளாகவே தெரிகின்றன. நம் நகரத்துப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காத்துவரும் சைவச் சுவடிகளை உலக நினைவுப் பதிவேட்டில் 2005இல் யுனெஸ்கோ சேர்த்தது. சுவடியைக் காக்கத் தெரிந்த ஊர் இதையும் காக்க முன்வரலாம்.

போட்டி நடத்துவோர் செய்யக்கூடியது எளிது. மின்கவிதைக்குத் தனிப் பிரிவு வைத்து, இயங்கும் படைப்போடு சொற்பட்டியலையும் நிரலையும் தாளில் அச்சிட்டு இணைக்கச் சொல்லலாம். இந்தச் சொல்லை ஏன் சேர்த்தீர்கள், இந்த விதியை ஏன் வைத்தீர்கள் என்று நடுவர் பத்து நிமிடம் கேட்டால், உழைத்து எழுதியவர் யார், செயலியிடம் வாங்கியவர் யார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பரிசு பெறும் படைப்புகளின் நிரலையும், ஒருவர் அவற்றைப் படிக்கும்போது எடுத்த காணொளியையும் ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ கல்லூரித் தமிழ்த்துறை நூலகங்களிலோ ஒரு படி சேர்த்து வைக்க ஏற்பாடு செய்யுமாறு நூலகத் துறையினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர்,
இலாசுப்பேட்டை, புதுச்சேரி.